வெள்ளைக்குள் ஒரு கோடு

உதோரோ, ஹொக்காய்தோ
2019 ஜனவரி 9

மியாசகா ஹிசாயா அவர்களுக்கு,

குளிரைப் பற்றியும் நலத்தைப் பற்றியும் முதலில் இரண்டு வரி எழுத வேண்டும். எழுதினேன். கிழித்துவிட்டேன். மன்னிக்கவும்.

இந்த உறைக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. உங்கள் தம்பி ஷூஹேய் காணாமல் போன காலையில் என் கேமராவில் இருந்தது.

கடலில் மிதந்துவரும் பனிப்பாளங்களைப் படமெடுப்பது என் வழக்கம். அன்று விடிந்ததும் கேமராவைக் கரையில் முக்காலியில் நிறுத்தி, ஐந்து நொடிக்கு ஒரு படம் விழும்படி வைத்துவிட்டு உள்ளே போனேன். சோறு வைத்தேன். மிசோ சூப் கொதித்தது. திரும்பி வந்தபோது பனி, மூடுபனி, வானம் எல்லாம் ஒரே வெள்ளை. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்பியது. கரையோடு ஒட்டிக்கிடந்த பாளங்கள் மொத்தமாகக் கடலுக்குள் போயின. அப்போதும் அவர் மாடியில் தூங்குகிறார் என்றே நினைத்தேன். பனிமேல் போயிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மாதம் முழுக்க அவர் வேலைக்குப் போகவில்லை. அதிகம் பேசவுமில்லை.

ஏப்ரலில், உடல் இல்லாமல் ஒகாயாவில் நடந்த சடங்கில், உங்கள் அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "பனியில நடக்கற ரப்பர் உடுப்பு வீட்டுக் கொக்கிலயே தொங்குது. திரும்பி வரணும்னு நெனச்சவன் அத மாட்டாமப் போவானா? அவன் போகணும்னுதான் போயிருக்கான்." நான் பாதியில் எழுந்து வந்தேன். நீங்கள் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நமக்குள் பேச்சில்லை.

வீட்டு மாடத்தில், உங்கள் அப்பா படத்துக்குப் பக்கத்தில், அவர் படத்தை இன்னும் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். விட்டுவிட்டுப் போனவன் படம் எதற்கு என்று அம்மா சொல்கிறாராம்.

எங்கள் கல்யாணத்துக்கு இந்தக் கேமராவைக் கொடுத்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "எப்பவும் ரா-வுல எடும்மா, பச்சையா, எதுவும் பண்ணாம. கண்ணுக்குத் தெரியாததும் உள்ள இருக்கும். அப்புறமா தோண்டி எடுத்துக்கலாம்." அப்படித்தான் எடுத்தேன். கேமராக்களை உண்டாக்குகிறவர் சொன்னது என்று நம்பினேன்.

தோண்டிப் பாருங்கள். அவர் அந்த வெள்ளைக்குள் இருக்கிறாரா? திரும்பி வருவதற்காகப் போனவரா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும். அடுத்த மாதம் இருபதாம் தேதி ஓராண்டு.

படங்களை இணையத்தில் அனுப்பலாம் என்றார்கள். வழியில் படத்தை அமுக்கிச் சுருக்கிவிடுவார்கள் என்று பயம். அதனால்தான் தபால்.

சாயோ


ஒகாயா, நாகானோ
ஜனவரி 16

சாயோ-சான்,

கார்டு பத்திரமாக வந்தது. சுவா ஏரி இந்த வருஷம் இன்னும் உறையவில்லை.

எல்லாப் படங்களையும் பார்த்தேன். கண்ணுக்கு வெள்ளைதான்.

தோண்டும் முன் ஒன்று சொல்லியாக வேண்டும். வழியில் அமுக்கிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாய். வழிக்கு முன்பே அமுக்கியாயிற்று.

ரா கோப்பு என்றால் கேமரா பார்த்தது முழுவதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் யாரும் அதை மறுத்துச் சொல்வதில்லை. நானும் உன்னிடம் சொல்லவில்லை. சில ரா கோப்புகளைச் சுருக்குவதே இல்லை. சிலவற்றைச் சுருக்குவார்கள், ஆனால் காலையில் படுக்கையை மடித்து அலமாரியில் வைப்பதுபோல. இரவில் விரித்தால் அதே படுக்கை. மூன்றாவது வகை, கொஞ்சத்தை எடுத்துவிட்டு மடிப்பது. எடுத்தது திரும்பாது.

உன் கேமராவில் மூன்றும் உண்டு. மூன்றாவதை நான்தான் வைத்துக் கொடுத்தேன். கார்டில் நிறையப் படம் கொள்ளட்டும் என்று.

எதை எடுத்துவிடலாம் என்று தீர்மானிக்கும் கணக்கு எங்கள் பிரிவின் வேலை. பெரும்பகுதி நான் எழுதியது. இருட்டான இடங்களில் கைவைக்க மாட்டோம். வெளிச்சத்தில்தான் எடுப்போம். வெள்ளையாக ஆக ஆக, அதிகமாக எடுப்போம்.

உன் படங்கள் முழுக்க வெள்ளை.

அம்மா நோசாவா கீரை ஊறுகாயைப் பிழிந்துகொண்டிருந்தார். கார்டு வந்ததைச் சொன்னேன். "அவ இன்னுமா அத வெச்சிருக்கா" என்றார். கை மட்டும் நீண்ட நேரம் பிழிந்துகொண்டே இருந்தது.

ஹிசாயா


உதோரோ
ஜனவரி 22

மியாசகா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொந்தோவுக்குப் படித்துக் காட்டினேன். பயணிகளைப் பனிமேல் நடத்திக் கூட்டிப்போகும் எங்கள் குழுவில் மூத்தவர். ஷூஹேயுடன் வேலை பார்த்தவர்.

"இரு, இரு. பச்சை மீனுன்னு பலகை எழுதி வெச்சுட்டு, உள்ளேர்ந்து கொஞ்சம் சதைய அறுத்து எடுத்துட்டோம், ஆனா உனக்கு ருசி தெரியாதுன்னு சொல்றாரா?"

"அப்படித்தான்."

"நம்ம மார்க்கெட்ல இப்படி வித்தா மறுநாள் கடை இருக்காது."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

ஷூஹேய் போனது வெள்ளைக்குள். நீங்கள் எடுத்துவிடுவது வெள்ளையிலிருந்து. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அம்மா அவரை வாயால் விட்டார். நீங்கள் கணக்கால் விட்டிருக்கிறீர்கள், அவர் போவதற்குப் பல வருஷம் முன்பே.

கார்டைத் திருப்பி அனுப்புங்கள்.

இங்கே இன்னும் பனிப்பாளம் வரவில்லை. கடல் கருப்பாகவே இருக்கிறது.

சாயோ


ஒகாயா
ஜனவரி 28

சாயோ-சான்,

கார்டை அனுப்பவில்லை. கோபித்துக்கொள். ஆனால் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

ஒளி குழாய்த் தண்ணீர்போல் ஒழுகி வருவதில்லை. தகரக் கூரைமேல் விழும் ஆலங்கட்டிபோல மணிமணியாக வருகிறது. கேமராவுக்குள் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிண்ணம். நல்ல வெள்ளையில் ஒரு கிண்ணத்தில் நாற்பதாயிரம் மணி விழ வேண்டும் என்று வைத்துக்கொள். சரியாக அத்தனை விழாது. ஒரு தடவை இருநூறு கூடும். ஒரு தடவை இருநூறு குறையும். இது கேமராவின் குறை இல்லை. எவ்வளவு நல்ல கேமரா செய்தாலும் போகாது. ஒளி அப்படித்தான் வரும். நடுங்கிக்கொண்டு.

நான் வெள்ளையில் எடுத்துவிடுவது அந்த நடுக்கத்தைவிடச் சிறியது. ஒவ்வொரு மணியாக எண்ணாமல், நூறு மணிக்கு ஒரு படி என்று வைத்தேன். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதைக் கூட்டங்களில் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

நீ நம்ப வேண்டாம். பனி வந்ததும் கேமராவைச் சுருக்காத வகைக்கு மாற்று. ஒரே வெள்ளையை, எதையும் அசைக்காமல், அடுத்தடுத்து இரண்டு படம் எடு. ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பார்.

உன் கடிதம் வந்த பிறகு இன்னொன்று தோன்றியது. என் இரண்டு படிகளுக்கு நடுவில் ஒருவன் நிற்கிறான் என்று வை. ஒரே ஒரு படத்தில் அவன் தெரிய மாட்டான். ஆனால் ஒளியின் நடுக்கம் அவனை ஒரு தடவை மேல்படிக்குத் தள்ளும், ஒரு தடவை கீழ்ப்படிக்குத் தள்ளும். மேலே எத்தனை தடவை, கீழே எத்தனை தடவை என்று நிறையப் படங்களைக் கூட்டிப் பார்த்தால், அவன் நடுவில் எங்கே நின்றான் என்பதே தெரிந்துவிடும். ஒளி நடுங்காமல் வந்திருந்தால், நான் விட்டது விட்டதுதான். அது நடுங்குவதால், நான் மூடிய கதவின் வழியாக வெளியே வந்துவிடுகிறது.

இதைக் கல்லூரியில் படித்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அப்போது ஆச்சரியமாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ரயிலில் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒகாயா தாண்டிப் போயிருக்கிறது. ஷியோஜிரியில் இறங்கி, எதிர் நடைமேடையில், ஏன் அங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன்.

நிறையப் படங்கள் வேண்டும். உன்னிடம் இருக்கின்றன. இன்னொரு நிபந்தனை: அவன் கொஞ்ச நேரமாவது ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். நடந்துகொண்டே இருந்திருந்தால் கரைந்துபோவான்.

உன் அனுமதி இல்லாமல் தொட மாட்டேன்.

ஹிசாயா


உதோரோ
பிப்ரவரி 5

ஹிசாயா அண்ணனுக்கு,

முந்தாநாள் பனி வந்தது. விழித்தபோதே தெரிந்தது. கடலின் சத்தம் நின்றிருந்தது. அலை என்று ஒன்று உலகத்தில் இல்லாததுபோல. ஜன்னலைத் திறந்தேன். கரையிலிருந்து கண் போகும் தூரம் வரை வெள்ளை, எங்கிருந்தோ வந்து, எப்போதும் இங்கேயே இருந்ததுபோல் படுத்திருந்தது.

நீங்கள் சொன்னபடி செய்தேன். கொந்தோ முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணையே ரெண்டு தடவ எடுக்கறதுக்கா என்ன இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்த?"

காற்று இல்லை. மேகம் நகரவில்லை. இரண்டு படம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினேன். ஒரே பனிமேடு, ஒரே புள்ளி. வெளிச்சத்தின் எண்கள் வேறு. பக்கத்துப் புள்ளி, அதுவும் வேறு. எந்தப் புள்ளியை எடுத்தாலும் பெரும்பாலும் வேறு.

கொந்தோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எது சரி?"

"ரெண்டும்."

அவர் காது மூடும் தொப்பியைக் கழற்றினார். "அப்போ இத்தன வருஷமா நான் பாத்துட்டிருக்கறது?"

அவர் கரைக்குத் திரும்பிப் போய், தொப்பி இல்லாமல், கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். எத்தனை குளிர்காலம் அந்தப் பனியைப் பார்த்தவர்.

ஷூஹேய் அந்தக் கடைசி மாதத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "தெனமும் அதே வெள்ள" என்பார். நானும் ஆமாம் என்றேன். அதே வெள்ளை என்று ஒன்று இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஒரு நொடிக்குக்கூட இல்லை.

கூட்டிப் பாருங்கள், அண்ணா. நின்றிருப்பார். எதைப் பார்த்தாலும் நின்று பார்க்கிறவர்தான்.

சாயோ


ஒகாயா
பிப்ரவரி 12

சாயோ-சான்,

கிடைத்துவிட்டான்.

நேற்று விடுமுறை. கொதாத்சு மேசையின் சூட்டுக்குள் காலை நீட்டிக்கொண்டு, படங்களை ஐம்பது ஐம்பதாகக் கூட்டினேன். முதலில் தொடுவானம் வந்தது. நீ எடுத்த எந்தப் படத்திலும் தொடுவானம் இல்லை. கூட்டியதில் இருந்தது. அப்புறம் பனிமேடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன, யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல. அப்புறம் அவற்றுக்கு நடுவில் நிமிர்ந்து ஒரு சாம்பல் உருவம். தொப்பி. தோள்.

ஒளி அவன்மேல் பட்டுத் தெறித்து, மூடுபனிக்குள் வழிதவறி, அதில் மிச்சம் வந்த கொஞ்சம் உன் கேமராவின் கிண்ணங்களில் விழுந்து, அதையும் நான் படிகளாக வெட்டி, அதற்குப் பிறகும் அவன் அங்கே நின்றான்.

பின்னால் அம்மா ஆரஞ்சுத் தட்டோடு நின்றிருந்தார்.

"என்னடா அது, திரையில கறையா?"

"ஷூஹேய்."

அம்மா கண்ணாடியைத் தேடினார். அது கழுத்தில்தான் தொங்கியது. மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நிக்கறான்."

"ஆமா."

"நின்னு என்ன பண்றான்?"

"தெரியலம்மா. முகம் எந்தப் பக்கம்னுகூடத் தெரியல."

"எனக்குத் தெரியுது. போகவா வேண்டாமான்னு யோசிச்சுகிட்டு நிக்கறான். அதத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்." ஆரஞ்சை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உன் கேள்விக்கும் இதில் பதில் இல்லை. அவன் இருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. எதற்காகப் போனான் என்பது படத்தில் இல்லை. மன்னித்துவிடு.

அச்செடுத்து வைத்திருக்கிறேன். சின்ன விஷயம் ஒன்று. அவனுக்கு வலப்பக்கம் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது, தலைக்கு ஒரு சாண் மேலே தொடங்கிப் பனிவரை. எங்கள் சுருக்கும் முறை புள்ளிகளைப் பதினாறு பதினாறாகக் கட்டுகிறது. சில சமயம் கட்டின் விளிம்பில் இப்படி ஒரு தழும்பு விட்டுவிடும். பார்க்க நன்றாக இல்லை. துடைத்துவிட்டேன்.

ஹிசாயா


உதோரோ
பிப்ரவரி 14, விரைவுத் தபால்

அண்ணா,

கோட்டைத் திருப்பிப் போடுங்கள்.

எங்கள் கொட்டகைச் சுவரில் கோல்கள் சாய்ந்திருக்கும். மரக்கோல், இரும்பு முனை. ஆளைவிட ஒரு சாண் உயரம். பாளத்தில் காலை வைக்கும் முன் அதனால் தட்ட வேண்டும். தடித்த பனிக்கு ஒரு சத்தம். தாங்காத பனிக்கு வேறு சத்தம்.

வந்த புதிதில் அவர் தட்ட மாட்டார். "ஏரிக்கரைல பொறந்தவனுக்கு நீ பனி சொல்லித் தர்றியா?" என்பார். மூன்று குளிர்காலம் கத்தினேன். "தட்டுங்க. தட்டிட்டுக் கால வைங்க. நீங்க விழுந்தா நான்தான் உள்ள எறங்கணும்." போன குளிர்காலத்தில் எப்போதாவது தட்டினார். எப்போதாவதுதான். அந்தக் காலையில் கொட்டகையில் ஒரு கோல் குறைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. நான்கூட.

அது கோல்தானா என்று எனக்குத் தெரியாது. கோலாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் என்னை நம்பாதீர்கள். உங்கள் பிழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். போய்ப் பாருங்கள்.

சாயோ


ஒகாயா
பிப்ரவரி 17, விரைவுத் தபால்

சாயோ,

என் பிழை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நேர்க்குத்தாக இருக்கும், மயிரிழைகூடச் சாயாது. கட்டு முடியும் இடத்தில்தான் வரும். பளீரென்ற வெளிச்சமும் இருட்டும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான் வரும். உன் படங்களில் இருட்டே இல்லை. என் பிழை அங்கே பிறக்கவே முடியாது. தெரிந்தும், கோட்டைப் பார்த்தவுடன் கை துடைக்கப் போயிருக்கிறது. என் கணக்கில் இல்லாதது எதுவும் அங்கே இருக்கும் என்று தோன்றவில்லை.

துடைக்காத படத்தைத் திரும்ப எடுத்தேன். கோடு சாய்ந்திருக்கிறது. ஒரு கட்டைத் தாண்டி அடுத்த கட்டுக்குள் போகிறது.

அப்புறம் ஐம்பது ஐம்பதாகக் கூட்டுவதை விட்டு, பத்துப் பத்தாகக் கூட்டினேன். எல்லாம் மங்கல், மணல் தூவியதுபோல். ஆனாலும் தெரிகிறது. முதல் படத்தில் கோடு முன்னால் சாய்ந்திருக்கிறது. அடுத்ததில் நிமிர்ந்திருக்கிறது. அதற்கடுத்ததில் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்புறம் அந்தச் சாம்பல் ஒரே ஓர் எட்டு நகர்ந்திருக்கிறது. மறுபடி கோடு முன்னால்.

தட்டுகிறான். நின்று கேட்கிறான். ஓர் எட்டு வைக்கிறான். மறுபடி தட்டுகிறான். அப்படி நின்று நின்று போனதால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறான். தட்டாமல் நடந்திருந்தால் ஒரு படத்திலும் இருந்திருக்க மாட்டான்.

எங்கே போனான், எதைப் பார்க்கப் போனான் என்பது தெரியாது. அதை எந்தக் கேமராவும் சொல்லாது. இவ்வளவுதான் இருக்கிறது. இவ்வளவு இருப்பதே எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

படங்களை அச்செடுத்துக் கொதாத்சு மேசையில் வரிசையாக வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இது என்ன குச்சி?"

"பனி தாங்குமான்னு தட்டிப் பாக்கற கோலு."

"இவனா? இவன் எங்கடா தட்டுவான். ஏழு வயசுல, ஏரி சரியா உறையறதுக்கு முன்னாடியே நடுவுல ஓடிப் போயி நின்னு கையாட்டுனவன். உங்க அப்பா கரையில தொண்டை கிழியக் கத்துறாரு, இவன் சிரிக்கறான்."

"சாயோ பழக்கியிருக்காம்மா. மூணு வருஷம் திட்டித் திட்டி."

அம்மா முதல் படத்திலிருந்து மறுபடி பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் விரலால் மேசையில் ஒரு தட்டு தட்டினார். கடைசிப் படத்தில் விரல் அப்படியே நின்றது.

"விழக்கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போயிருக்கான்."

இந்தத் தடவை "ஆமாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மாடத்தில் அப்பா படத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா வந்து ஒரு படத்தை என்னிடம் நீட்டினார். ஃப்ரேம் போடச் சொன்னார்.

"இதுல முகமே தெரியலயேம்மா. கல்யாணப் படம் இருக்கே."

"அவன் மொகம் எனக்குத் தெரியும். இந்தக் கோடு வெட்டுப்படாமப் போடு."

இருபதாம் தேதிக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். பத்தொன்பது மாலை மெமான்பெத்சு விமானநிலையம், அங்கிருந்து பஸ். பனிமேல் நடக்க வேண்டுமாம் அம்மாவுக்கு. முழங்கால் வலிக்குமே என்றேன், வழுக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை.

"அவகிட்ட எழுது. எனக்கும் ஒரு கோல் எடுத்து வைக்கச் சொல்லு. என் உயரத்துக்கு. எப்படித் தட்டணும்னு அவதான் சொல்லிக் குடுக்கணும்."

ஹிசாயா